லூட் வாத்தியத்தில் வலக்கரம்: பழைய சம்பிரதாயமும் இன்றைய பழக்கமும்

சென்ற அத்தியாயத்தில் லூட் வாத்தியத்திற்குத் தந்தி பூட்டிச் சுருதி சேர்க்கும் விதத்தைப் பார்த்தோம். இனி அதை மீட்டும் கையைப் பற்றிப் பேச வேண்டும். கிதாரில் நல்ல தேர்ச்சி பெற்ற ஒருவர், தந்தியும் மெட்டும் பிருடையும் குதிரையும் தமக்குப் பழக்கமானவையே என்ற தைரியத்தில், பல ஆண்டுகள் சாதகம் செய்து பண்படுத்திய தம் கையை அப்படியே இந்த வாத்தியத்தின் மேல் வைத்து மீட்டும்போது, எழுகின்ற நாதம் மெலிந்தும் கரகரத்தும் ஒலிப்பதைக் கேட்டு, வாத்தியத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவது பெரும்பாலும் நடக்கிற காரியம். வாத்தியம் குற்றமற்றது. அதற்கு உரிய கை வேறு.

இரண்டின் அமைப்பையும் ஒப்பிட்டால் காரணம் விளங்கும். இன்றைய கிதாரின் நைலான் தந்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 கிலோ இழுவிசையோடு நிற்கிறது. பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைவரை நாதம் சென்று சேர வேண்டும் என்பதற்காக அதன் பலகையும் உள்ளே உள்ள சட்டங்களும் உறுதியாகவே அமைக்கப்பட்டிருக்கின்றன. லூட்டில் ஒரு தந்தியின் இழுவிசை 3 கிலோவை ஒட்டியே இருக்கும். மேற்பலகையோ ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்த ஸ்ப்ரூஸ் மரம். உச்சத் தந்தி ஒன்றைத் தவிர மற்றவை யாவும் ஜோடி ஜோடியாகக் கட்டப்பட்டவை. பழங்காலத்தில் அவை ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்புகள். இவ்வளவு இலேசான வாத்தியத்தைக் கிதாரின் பலத்தோடு அடித்தால் தந்தி பலகையை நோக்கித் துடித்து மெட்டில் இடிக்கும். ஜோடியின் இரண்டு தந்திகளில் ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் ஒலிக்கும். ஆகவே வலக்கரத்தின் முறை என்பது இங்கே அலங்காரமாகச் சேர்த்துக்கொள்ளும் சரித்திர ஞானம் அல்ல, நாதத்தின் அடிப்படையே அதுதான் என்று தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த முறை எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்தவருக்கு அதைக் கற்பது பாதி எளிதாகிவிடும். அரேபியரின் ஊத் வாத்தியத்திலிருந்து பிறந்த லூட், ஐரோப்பாவில் வெகுகாலம் இறகின் காம்பைக் கொண்டே மீட்டப்பட்டு வந்தது. காம்பைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து, முன்கையை மேலும் கீழும் சிறிதளவு அசைத்து, ஒரு நேரத்தில் ஒரே இசைக்கோட்டை வேகமாக வாசிப்பதே அன்றைய வழக்கம். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் இசையைத் தனி ஒருவராகவே வாசிக்க வேண்டும் என்ற அவா வித்வான்களிடையே எழுந்தது. நேப்பிள்ஸ் அரசவையில் பணிபுரிந்த இசை நூலாசிரியர் ஜொஹானஸ் டிங்க்டோரிஸ், 1480களில் எழுதிய நூலில், இரண்டு குரல்களோடு நில்லாமல் மூன்றும் நான்கும் சேர்த்து வாசிக்க வல்லவர்கள் சிலர் இருப்பதை வியந்து குறிப்பிடுகிறார். ஒரு காம்பால் அது ஆகாது. காம்பு நழுவி விழுந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு விரல்களும், அவற்றை இயக்கிய முன்கையின் அசைவும் அப்படியே எஞ்சின. கீழ்நோக்கிய அடி கட்டைவிரலுக்கும் மேல்நோக்கிய அடி சுட்டுவிரலுக்கும் உரியதாயிற்று.

1507-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் ஒட்டாவியானோ பெத்ருச்சி, பிரான்செஸ்கோ ஸ்பினாச்சினோவின் லூட் நூலை அச்சிட்டபோது, இவ்வாத்தியத்திற்கென அச்சேறிய முதல் நூலாகிய அதிலேயே இந்த விதி தெளிவாகத் தரப்பட்டிருக்கிறது: விரலிடத்தைக் காட்டும் எண்ணுக்கு அடியில் புள்ளி இருந்தால் மேல்நோக்கி மீட்ட வேண்டும், புள்ளி இல்லையேல் கீழ்நோக்கி. அந்தச் சிறு புள்ளிகளைப் பெரும்பொருளாக மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வித்வான்களின் கை எப்படி அசைந்தது என்பதை, ஒவ்வொரு ஸ்வரத்திற்கும் தனித்தனியே, அவை நமக்குச் சொல்லிவிடுகின்றன.

அந்த அசைவை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டிய விதம் இது. முன்கை, வாத்தியத்தின் அடிப்பக்கத்தைக் கடந்து, தந்திகளுக்கு ஏறக்குறைய இணையாகவே வந்து படியட்டும். கிதாரில்போல மணிக்கட்டை வளைத்து உயர்த்தி, விரல்களைத் தந்திக்குக் குறுக்கே தொங்கவிடக் கூடாது. சுண்டுவிரலின் நுனியைக் குதிரைக்கும் நடுவிலுள்ள சிற்ப வேலைப்பாடமைந்த துவாரத்திற்கும் இடையே பலகையின் மேல் இலேசாக வையுங்கள். வீணையில் சுண்டுவிரல் தாளத் தந்திகளை மீட்டும் வேலையில் இருப்பதால், வீணை பயின்றவருக்கு அதை இப்படி ஓரிடத்தில் நிறுத்திவைப்பது சில நாட்கள் விநோதமாகத் தோன்றும். ஆயினும் லூட்டைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக வற்புறுத்திய விதி இது. அந்த விரல் பலகையை அழுத்தவும் கூடாது, விட்டுப் பறக்கவும் கூடாது. கைக்கு இடம் காட்டுவதே அதன் பணி.

இப்போது கட்டைவிரலைச் சுட்டுவிரலுக்கு அடியில், உள்ளங்கைப் பக்கமாகச் செல்லும்படி விட்டு, மூன்றாம் ஜோடித் தந்திகளை ஒருமுறை கீழ்நோக்கி மீட்டுங்கள். விரல் தந்தியைப் பிய்த்து இழுக்காமல், இரண்டு தந்திகளையும் சேர்த்துப் பலகையை நோக்கி மெல்ல அழுத்தி விடுவித்து, அடுத்த ஜோடியின் மேல் சென்று ஓய வேண்டும். அந்த ஓய்விலிருந்தே முன்கை திரும்பி வரும்போது, அதன் போக்கிலேயே சுட்டுவிரல் மேல்நோக்கி மீட்டுகிறது. விரல்கணுக்கள் தனித்தனியே உழைப்பதில்லை; முழங்கையிலிருந்து புறப்படும் ஒரே சிறு அசைவு இரண்டு அடிகளையும் தருகிறது. இதை வேகமாகச் செய்ய முயல வேண்டாம். ஒரே ஜோடியில் நிதானமாக, ஒரு நாதத்திற்கும் அடுத்ததற்கும் இடையே இரைச்சல் எதுவும் இல்லாமல் வரும்வரை வாசித்து, பிறகு ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடிக்குக் கடந்து, கடைசியாகவே இடக்கரத்தைச் சேர்த்து ஸ்வரவரிசைகளுக்குப் போகலாம். சில வாரங்களில் கை இலேசாவதை உணர்வீர்கள். வேகம் தானாக வரும்.

கிதாரிலிருந்து வந்தவருக்கு இவ்விடத்தில் ஒரு பெரிய மனமாற்றம் தேவைப்படுகிறது. இன்றைய கிதார்ப் பள்ளி, சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டும்போது இரண்டின் நாதமும் சிறிதும் வேறுபடாமல் சமமாக இருக்க வேண்டும் என்று பயிற்றுவிக்கிறது. அந்தச் சமநிலையை அடைவதற்காகவே மாணவர்கள் வருஷக் கணக்கில் பாடுபடுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டின் லூட் வாசிப்பிலோ கட்டைவிரலின் அடி கனமானது, சுட்டுவிரலின் அடி இலேசானது. தாளத்தின் வலிய இடம் முன்னதற்கும் மெலிந்த இடம் பின்னதற்கும் ஒதுக்கப்பட்டது. இந்த வலிவும் மெலிவும் மாறி மாறி வருவதனால் வேகமான பகுதிகள், வார்த்தைகள் இல்லாமலே, ஒருவர் பேசுவதைப்போல் உயிரோடு நடக்கின்றன. அந்நூற்றாண்டு லூட் வித்வான் பிரான்செஸ்கோ டா மிலானோவின் கற்பனைப் படைப்பு ஒன்றைச் சம அடிகளால் ஒருமுறையும் இந்த இரட்டை அடியால் ஒருமுறையும் வாசித்துப் பார்ப்பவர், எழுதப்பட்ட ஸ்வரங்கள் ஒன்றாகவே இருந்தும் இசை இரண்டாகக் கேட்பதை ஐயமற உணர்வார்.

இனி வரலாற்றின் இரண்டாம் பகுதி. பழைய முறை என்று ஒன்றே ஒன்று இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூட்டின் ஆறு ஜோடிகளோடு ஏழாவதும் எட்டாவதும், பின்னர் ஒன்பதாவதும் பத்தாவதும் மந்த்ர ஸ்தாயியில் சேர்ந்துகொண்டே வந்தன. கீழே தூரத்தில் உள்ள தந்திக்கு ஓடவும், அதே கணத்தில் மேலே விரல்கள் வேறொரு குரலை வாசிக்க விடவும், உள்ளங்கைக்குள் அடங்கிய கட்டைவிரலால் எளிதில் முடியவில்லை. ஆகவே கட்டைவிரல் வெளியே நீண்டது. விரல்கள் அதற்குப் பின்னே மடங்கின. கையும் குதிரையை நோக்கி நகர்ந்தது. 1603-ல் கொலோன் நகரில் வெளியான தம் பெருந்தொகுப்பில் ழான் பத்தீஸ்த் பெஸார், கட்டைவிரலை இயன்ற மட்டும் நீட்டி வைக்கும்படி கற்பிக்கிறார்; குட்டையான கட்டைவிரல் உடையவர்கள் மட்டும் பழைய முறையைக் கைக்கொள்ளலாம் என்றும், அது அத்தனை அழகாக இராவிட்டாலும் அவர்களுக்குச் சுலபமாக இருக்கும் என்றும் பரிவோடு சலுகை அளிக்கிறார். அவருடைய போதனை ராபர்ட் டௌலண்டு 1610-ல் லண்டனில் வெளியிட்ட தொகுப்பில் ஆங்கிலத்திலும் இடம்பெற்றது.

கேனிக்ஸ்பெர்க் நகரத்து ஸ்டோபேயஸின் பெயரால் வழங்கும் கையெழுத்துப் பிரதி இன்னும் கண்டிப்பானது. கட்டைவிரலை உள்ளே செலுத்தி வாசிப்பது முதியோர் வழக்கம் என்றும், அதன் நாதம் மங்கி அமுங்கிக் கேட்கும் என்றும், வெளியே நீட்டி வாசிப்பதே தெளிவும் கூர்மையும் உடையது என்றும் அது தீர்ப்புச் சொல்கிறது. இதில் நமக்கு மிகவும் பயனுள்ள செய்தி, ஜான் டௌலண்டு முதலில் கட்டைவிரலை உள்ளடக்கியே வாசிக்கத் தொடங்கியவர் என்ற குறிப்பாகும். ஒரு மகாவித்வான் தம் வாழ்நாளிலேயே ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறினார் என்றால், அவருடைய படைப்புகளை இந்த முறையில்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஆதாரம் போதாது என்பது தெளிவு. ஆயினும் ஸ்டோபேயஸ் பிரதியின் தீர்ப்பை முழுமையாக ஏற்க எனக்குச் சம்மதமில்லை. அமுங்கிய நாதம் என்று அது குறை கூறுவதையே, முந்திய தலைமுறை இனிமை என்று போற்றியிருக்கலாம். மிலானோவின் இசைக்கு அந்த உருண்ட நாதம் பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்துவதில்லை.

பழைய சித்திரங்கள் இந்த மாறுதலைக் கண்முன் காட்டுகின்றன. வெனிஸில் உள்ள கார்ப்பாச்சோவின் 1510-ஆம் ஆண்டுச் சித்திரத்தில் லூட் வாசிக்கும் தேவச்சிறுவனின் கையையும், 1690-ல் பிரான்ஸுவா த துருவா தீட்டிய ஷார்ல் மூத்தோன் என்ற பாரிஸ் வித்வானின் கையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மூத்தோனின் கை குதிரையை அண்டி நிற்கிறது, கட்டைவிரல் நன்றாக நீண்டிருக்கிறது. சித்திரக்காரர் வாத்தியம் அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லையாதலால், ஒரு படத்தை மட்டும் நம்பி முறை வகுப்பது கூடாது. நூல்களும் படங்களும் ஒன்றையொன்று ஆமோதிக்கும் இடத்தில் நாம் உறுதியோடு நடக்கலாம்.

நகத்தைப் பற்றிய விவாதம் இதைவிடப் பழையது, இன்னும் தீராதது. ஸ்பெயின் தேசத்தில் லூட்டின் இடத்தை வகித்த விஹுவேலாவுக்காக 1554-ல் ஸெவில் நகரில் நூல் வெளியிட்ட மிகேல் த புவென்யானா, பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர். நாதத்தைத் தவிர வேறெதனாலும் வாத்தியத்தை அறியாத அவர், நகம் படாமல் விரற்சதையால் மீட்டுவதிலேயே உயிர் இருக்கிறது என்று கருதினார். 1676-ல் ஆங்கிலேயரான தாமஸ் மேஸ், நகத்தால் எழும் ஒலி லூட்டில் சதையால் எழுவதைப்போல் இனிப்பதில்லை என்று எழுதினார். வாத்தியத்தைப் பகலில் படுக்கையில், கம்பளிக்கும் விரிப்புக்கும் இடையே வைத்துக் காக்கும்படி சொல்லும் அளவுக்கு அதன் மேல் வாஞ்சை கொண்டவர் அவர். மாற்றுக் கட்சியில் நிற்பவர் சாமானியர் அல்லர். பொலோன்யாவின் அலெஸ்ஸாண்ட்ரோ பிச்சினீனி, 1623-ல் அச்சான தம் முதல் நூலில், கட்டைவிரல் நகம் குறுகியும் மற்ற விரல்களின் நகம் சற்று நீண்டு முட்டை வடிவாகவும் இருக்கட்டும் என்றும், சதை தந்தியைத் தொட்டு அழுத்திய பின்னரே நகம் அதன் மேல் வழுகிச் செல்ல வேண்டும் என்றும் நுணுக்கமாகக் கற்பிக்கிறார். நூறாண்டு கழித்து, 1723-ல், டிரெஸ்டன் அரசவை வித்வான் ஸில்வியஸ் லியோபோல்ட் வைஸ், லூட் இனத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியங்களான தியோர்போவும் ஆர்ச்லூட்டும் வழக்கமாக நகத்தாலேயே வாசிக்கப்படுகின்றன என்றும், அருகில் இருந்து கேட்பவருக்கு அந்த ஒலி முரடாக இருக்கிறது என்றும் இசை நூலாசிரியர் மத்தேஸோனுக்கு எழுதினார்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து நான் கூறும் முடிவு இது: ஆறு முதல் பத்து ஜோடிகள்வரை உள்ள லூட்டை வாசிக்க விரும்புகிறவர் வலக்கர நகங்களை விரலின் விளிம்போடு ஒட்ட வெட்டிவிட வேண்டும். பிச்சினீனியின் வழி உண்மையானதே. ஆனால் ஜோடித் தந்திகளில் நகம் ஒரு தந்தியை முன்னால் தட்டிவிடாமல் காப்பதற்கு அவருடைய தேர்ச்சி வேண்டும், அது தொடக்கத்தில் நமக்கு வாய்ப்பதில்லை. கிதாரையும் கைவிட முடியாத நிலையில் உள்ளவர்கள் தியோர்போவைத் தேர்ந்துகொள்ளலாம். அதில் ஒற்றைத் தந்திகளைக் கட்டுவதும் உண்டாகையால் நகத்திற்கு இடையூறு குறைவு. கிதாரிலும் நகம் என்பது மாற்றமுடியாத விதியாக இருந்ததில்லை: பெர்னாண்டோ ஸோர் நகமின்றி வாசித்தார், அவருடைய நண்பர் அகுவாதோ நகத்தோடு வாசித்தார். கிதார் வித்வான் ஸெகோவியாவின் புகழ் பரவிய பிறகே நகம் உலகமெங்கும் பொது வழக்காயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் லூட் மீண்டும் உயிர் பெற்ற கதையிலும் இதே விவாதம் நடந்தது. 1893-ல் ஆர்னால்ட் டால்மெட்ச் இங்கிலாந்தில் ஒரு லூட்டைத் தாமே செய்து இந்த மறுமலர்ச்சிக்கு வித்திட்டார். பின்னர் ஜூலியன் ப்ரீம், கிதாரின் கையோடும் நகத்தோடும், தந்தி இழுவிசையைத் தாங்கும்படி கனமாகச் செய்த லூட்டை ஏந்தி, டௌலண்டின் பெயரை உலகத்தின் பெரிய மண்டபங்களுக்கெல்லாம் கொண்டு சென்றார். அவர் கையாண்டது பழைய முறை அல்ல என்பதால் அவரைக் குறைத்துப் பேசுவோர் உண்டு; அது நன்றி மறந்த பேச்சு. அவர் உண்டாக்கிய ரசிகர் கூட்டம் இல்லாமல் பிற்காலத்து ஆராய்ச்சிக்கு ஆதரவு ஏது? 1970களில், அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள லூட்டுகளை அளந்து அவற்றைப்போலவே இலேசான வாத்தியங்களைச் சில கைவினைஞர்கள் செய்யத் தொடங்கினார்கள். பாஸல் நகரத்தில் 1933-ல் நிறுவப்பட்ட ஸ்கோலா கன்டோரும் போன்ற கலாசாலைகளும் பழைய நூல்களை வரிவரியாகப் பயிலச் செய்தன. வாத்தியம் இலேசானவுடன் பழைய கை மறுபடியும் அர்த்தம் பெற்றது. பால் ஓடெட், ஹாப்கின்ஸன் ஸ்மித், நைஜல் நார்த் ஆகியோரின் ஒலிப்பதிவுகளைக் கேட்கிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இடக்கரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொன்னால் போதும். மெட்டுகள் தண்டியில் நரம்பால் கட்டப்பட்டவை. விரல் நுனி மெட்டுக்குச் சற்றுப் பின்னே படிந்தால் மிகக் குறைந்த அழுத்தமே போதுமானது. வைத்த விரலை, அதனால் ஆக வேண்டிய வேலை முடியும்வரை எடுக்கக் கூடாது. இல்லையேல் ஒரு குரல் நடுவில் அறுந்துபோகும். பிரெஷ்யா நகரத்து விச்சென்ஸோ காப்பிரோலாவின் பாடங்களைத் தொகுத்த மாணவர் விதால் இதை வெகுவாக வலியுறுத்துகிறார். இசை அறியாதவர்களும் பாதுகாத்து வைக்கட்டும் என்று கருதி அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பிராணிகளின் வண்ணச் சித்திரங்களால் அவர் நிரப்பினார். அவர் நினைத்தபடியே அது பிழைத்து, இன்று சிகாகோவின் நியூபெர்ரி நூலகத்தில் இருக்கிறது.

எந்த முறையில் தொடங்குவது என்ற கேள்விக்கு, வாசிக்க விரும்பும் இசையே பதில் சொல்லும். 1600-க்கு முற்பட்ட இசையில் மனம் செல்பவர் ஆறு ஜோடி லூட்டையும் கட்டைவிரலை உள்ளடக்கும் முறையையும் மேற்கொள்ளட்டும். பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இசையையோ வைஸின் பதின்மூன்று ஜோடி இசையையோ நாடுபவர் தொடக்கத்திலேயே கட்டைவிரலை நீட்டி வைக்கட்டும். டௌலண்டை விரும்புவோர் எதை எடுத்தாலும் தவறில்லை. ஆனால் இரண்டையும் ஒரே காலத்தில் கற்க முயன்றால் கை குழம்பும். ஒன்று நன்றாக வேரூன்றிய பிறகே மற்றொன்றைத் தொட வேண்டும். கிதார்ப் பழக்கம் உடையவர் எவராயினும், பிற்கால இசையே அவரது குறிக்கோளாக இருந்தாலும், சில மாதங்களேனும் பழைய இரட்டை அடியில் கழிப்பது நல்லது என்பேன். ஜோடித் தந்திகளின் மேல் இலேசாகப் படியும் தொடுகையை அதைவிட விரைவாகக் கற்பிக்கும் முறை வேறு இல்லை.

அடுத்த அத்தியாயத்தில், விரல் வைக்க வேண்டிய இடத்தை எண்ணாலும் எழுத்தாலும் காட்டும் டாப்லேச்சர் என்ற குறிமுறையைப் படிக்கத் தொடங்குவோம். அங்கே வரும் முதல் பாடங்கள் பெத்ருச்சியின் புள்ளிகளோடு கூடியவை. அதற்குள் நகங்களை வெட்டி, சுண்டுவிரலைப் பலகையில் நிறுத்தி, ஒரே ஜோடியில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாறி மாறித் தடையின்றி வரும்படி பழகி வையுங்கள்.